மண் சுவரை மண்ணாலேயே திருத்துவோம்

மாரி மழை இரண்டு நாட்கள் விடாமற் பெய்தால் மண் வீட்டில் இருப்பவர்களுக்கு நித்திரை வராது. கூரை ஒழுகினால் அந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிடலாம். நனைந்த சுவருக்கு எதை வைப்பது? பிள்ளைகளைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவீட்டில் படுக்க வைத்துவிட்டு, மண் உதிரும் சத்தம் கேட்கிறதா என்று விழித்திருந்த இரவுகள் எமது வாசகர்களிற் பலருக்குப் புதியவை அல்ல.

1990 இன் பின்னர் ஒருமுறை அல்ல, பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் எம்மத்தியில் உள்ளன. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் நிரந்தர வீடு கிடைக்காமல், தாமே கட்டிய மண் வீட்டில் இன்றும் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். "ஒரு வருடத்துக்குத்தானே" என்று கட்டிய சுவர் பத்து வருடங்களைக் கடந்துவிட்டது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை, 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பரின் இறுதியில் டித்வா என்று ஒவ்வொரு பெருமழையும் அந்தச் சுவர்களில் ஒரு பங்கைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் பழுதடைந்த மண் சுவரை அதிக செலவின்றித் திருத்தும் முறையை விளக்குகிறோம். அதற்கு முன்னர் எங்களுடைய ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கிராமத்தில், மழையால் அடி கரைந்த மண் சுவர் ஒன்றைக் காட்டி ஒரு தாய் எங்களிடம் ஆலோசனை கேட்டார். "வெளிப்பக்கம் சீமெந்து பூசிவிடுங்கள், பிறகு பயமில்லை" என்று சொன்னோம். அவர் கடன்பட்டு இரண்டு பை சீமெந்து வாங்கிப் பூசினார். சுவர் பார்வைக்கு அழகாக இருந்தது. இரண்டாவது மாரியில், இரவு நேரத்தில், அந்தச் சீமெந்துப் பூச்சு ஒரே தகடாகக் கழன்று விழுந்தது. அதனோடு ஒட்டியிருந்த மண்ணும் சேர்ந்து சரிந்தது. பிள்ளைகள் அன்றைக்கு மற்றப் பக்கத்திற் படுத்திருந்தபடியால் ஒருவருக்கும் காயமில்லை. பணமும் போயிற்று, சுவரும் போயிற்று. அந்தச் சுவர் ஏன் விழுந்தது என்று தேடிப் படித்தும், பழைய மண் வேலைக்காரரிடம் கேட்டும், நாங்களே செய்து பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

சீமெந்து ஏன் விழுந்தது?

மண் சுவர் மூச்சு விடும் சுவர். மாரியில் ஈரத்தை உறிஞ்சும், கோடையில் அந்த ஈரத்தை வெளியே விடும். ஈரமாகும்போது சிறிது ஊதும், காயும்போது சிறிது சுருங்கும். சீமெந்து அவ்வாறு அசையாது. அது கல்லைப் போல் இறுகி நிற்கும். உள்ளே இருக்கும் மண் அசைய, வெளியே இருக்கும் சீமெந்து அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப் போகிறது.

நாளடைவில் சீமெந்துப் பூச்சில் தலைமயிர் போன்ற வெடிப்புகள் தோன்றும். மழைநீர் அவற்றின் வழியாக உள்ளே போகும். போன நீர் வெளியே வர வழியில்லை. நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் அங்கேயே அடைபடும். வெளியே உலர்ந்து உறுதியாகத் தெரியும் சுவர் உள்ளே சேறாக இருக்கும். எமது கண்ணுக்கு அது தெரியாது என்பதே பெரிய ஆபத்து. வெறும் மண் சுவர் பழுதடைந்தால் அது எமக்குத் தெரியும். சீமெந்து பூசிய மண் சுவர் பழுதடைந்தால் விழும்போதுதான் தெரியும்.

சீமெந்து கெட்ட பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலத்துக்கும், கிணற்றுக் கட்டுக்கும், கப்புகளின் அடிக்கும் அது நல்லது. மண் சுவரின் மேல் பூசுவதற்கு மட்டும் அது ஏற்றதல்ல.

முதலில் தண்ணீரைத் திருத்துவோம்

சுவரைத் தொடுவதற்கு முன்னர், அதைக் கெடுத்த தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். காரணத்தை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் திருத்தினால் அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே குழி விழும். மழை பெய்யும் நேரத்தில் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பெரும்பாலும் பின்வரும் வழிகளில் ஒன்றாகவே இருக்கும்.

1. கூரையின் தாழ்வாரம் குறுகியதாக இருத்தல். தாழ்வாரம் சுவரிலிருந்து குறைந்தது இரண்டு அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். வாடைக் காற்றோடு மழை வந்து அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் இன்னும் நீளமாக இருந்தால் நல்லது. கூரையை நீட்ட வசதியில்லாவிட்டால், அந்தப் பக்கத்தில் கிடுகு அல்லது பனையோலைத் தட்டி ஒன்றைச் சாய்வாகக் கட்டலாம். தரப்பாளைச் சுவரோடு ஒட்டிக் கட்டவேண்டாம். உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். ஒரு சாண் இடைவெளியாவது விட்டுக் கட்டுங்கள்.

2. நிலத்தில் விழும் நீர் தெறித்தல். கூரையால் வடியும் நீர் வெறும் மண்ணில் விழுந்து சுவரின் அடியில் ஓர் அடி உயரத்துக்குத் தெறிக்கிறது. அடிச்சுவர் அரித்துப் போவதற்கு இதுவே முக்கிய காரணம். நீர் விழும் வரிசையில் சல்லி, உடைந்த ஓடு, சிரட்டை போன்றவற்றைப் பரப்பினால் தெறிப்பது குறையும்.

3. முற்றத்து நீர் சுவரடியில் தேங்குதல். சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டி, நீரைத் தாழ்வான பக்கத்துக்கு விடவேண்டும். சுவரை ஒட்டி வெட்டக்கூடாது. அத்திவாரம் இளகிவிடும்.

4. சுவரின் தலைப்பில் நீர் இறங்குதல். முகடு, மூலை, கூரை சுவரில் அமரும் இடம் ஆகியவற்றில் ஒழுக்கு இருந்தால், நீர் சுவரின் நடுவால் இறங்கும். மேலிருந்து கீழாக நீண்ட கறை தெரிந்தால் இதுவே காரணம்.

இவற்றுடன், சுவரோடு விறகு, வைக்கோல், உரப்பை அடுக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். அதன் மறைவிலே கறையான் ஏறுகிறது, எலி வளை தோண்டுகிறது.

வெடிப்பு என்ன சொல்கிறது?

எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல. ஆனால் எது ஆபத்தானது என்று தெரிந்திருப்பது உயிரைக் காக்கும்.

குளத்துச் சேறு காய்ந்ததுபோல் வலை வலையாகத் தெரியும் மெல்லிய வெடிப்புகள் பூச்சில் மட்டும் உள்ளவை. களி கூடியதாலோ வெயிலில் விரைவாகக் காய்ந்ததாலோ அவை உண்டாகும். பயப்படத் தேவையில்லை.

விரல் மூட்டால் தட்டும்போது "டொக் டொக்" என்று வெறுமையான ஓசை கேட்டால், பூச்சு சுவரை விட்டுக் கழன்றுள்ளது. அந்த அளவுக்கு உரித்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும்.

மூலையிலோ யன்னலின் மேலோ தொடங்கி, மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் போகும் வெடிப்பு, சுவர்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதை அல்லது அடி இறங்குவதைக் காட்டுகிறது. அது இன்னும் நகர்கிறதா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. வெடிப்பின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சிறிய ஆணி அடியுங்கள். இரண்டு ஆணிக்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சரியாக ஓர் ஈர்க்கை முறித்து எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்குப் பின் அதை மீண்டும் வைத்துப் பாருங்கள். ஈர்க்கு அப்படியே பொருந்தினால் வெடிப்பு நின்றுவிட்டது, அடைக்கலாம். இடைவெளி கூடியிருந்தால் அடைப்பதிற் பயனில்லை. அடியையும் கூரைப் பாரத்தையும் முதலிற் பார்க்கவேண்டும்.

சுவர் சாய்ந்துள்ளதா என்று அறிய, ஒரு கயிற்றிற் கல்லைக் கட்டிச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். ஒன்பது அங்குலத் தடிப்புள்ள சுவர் இரண்டு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, அதைப் பூசித் திருத்த முயலவேண்டாம். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தச் சுவரை மேலிருந்து படிப்படியாக இறக்கிப் புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பு. அதுவரை அந்தப் பக்கத்தில் ஒருவரும் படுக்கக்கூடாது.

மண் எடுக்கும் இடம்

நல்ல வேலைக்கு நல்ல மண் வேண்டும். ஆயினும் எமது பிரதேசங்களில் மண் வெட்டுவதற்கு முன் வேறொன்றையும் யோசிக்கவேண்டும். பழைய பதுங்குகுழி, மண் அணை ஆகியவற்றின் மண் ஏற்கெனவே வெட்டிக் குவித்த மண். வெட்ட இலகுவாக இருக்கும். பற்றைக் காணியிலுள்ள கறையான் புற்றின் மண்ணும் பூச்சுக்கு மிக நல்லது. இவை இரண்டுமே போர் நடந்த இடங்களில் வெடிபொருட்கள் புதைந்திருக்கக்கூடிய இடங்கள். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து பெருமளவு நிலம் விடுவிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் விடுவிக்கப்பட்டதென்று நிச்சயமாகத் தெரியாத நிலத்தில் அலவாங்கு போடவேண்டாம். சந்தேகமான பொருள் ஒன்றைக் கண்டால் தொடாமல், போன அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். ஒரு சுவருக்காக ஒரு கால் போகக்கூடாது.

மிகப் பாதுகாப்பான மண் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. விழுந்த சுவரின் மண்ணை வீசவேண்டாம். அதை உடைத்து, வேர், கல், கறையான் கூடு ஆகியவற்றை நீக்கி, திரும்பவும் குழைக்கலாம். அந்தச் சுவருக்கு அதே மண்ணைப் போல் ஒத்துப்போகும் மண் வேறில்லை. மண் போதாவிட்டால் காணிச் சொந்தக்காரரிடம் கேட்டு, பயிர் செய்யும் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, அதன் கீழுள்ள மண்ணை எடுக்கவேண்டும். மேல் மண்ணில் உக்கிய இலையும் வேரும் உண்டு. அது பயிருக்கு நல்லது, சுவருக்குக் கூடாது. கடற்கரை மணலையும் சேர்க்கவேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சை உதிர்த்துவிடும்.

மண்ணைச் சோதித்தல்

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் இறங்கும். அதன் மேல் மெல்லிய வண்டல் படியும். களி மிக மெதுவாக, அடுத்த நாளளவில், எல்லாவற்றுக்கும் மேலே படியும். களிப் படை மிகத் தடிப்பாக இருந்தால் பூச்சு வெடிக்கும். மிக மெல்லியதாக இருந்தால் பூச்சு உதிரும்.

போத்தல் சோதனையைவிட நம்பத்தகுந்தது சுவரிலேயே செய்து பார்ப்பது. திருத்தவேண்டிய சுவரில் ஒரு மூலையை நனைத்து, ஓர் அடிச் சதுரமாக மூன்று துண்டுகள் பூசுங்கள்.

முதலாவது: ஒரு பங்கு மண், ஒரு பங்கு மணல்.
இரண்டாவது: ஒரு பங்கு மண், இரண்டு பங்கு மணல்.
மூன்றாவது: ஒரு பங்கு மண், மூன்று பங்கு மணல்.

மூன்றிலும் வைக்கோலை ஒரே அளவாகச் சேர்க்கவேண்டும். ஒரு கிழமை நிழலிற் காயவிட்டுப் பாருங்கள். வெடித்தது எது, உள்ளங்கையால் தேய்க்கும்போது மாவாக உதிர்வது எது என்று தெரியும். வெடிக்காமலும் உதிராமலும் இருப்பதே உங்கள் மண்ணுக்கான அளவு. செம்மண்ணுக்கு ஓர் அளவு, குளத்தடிக் களிமண்ணுக்கு வேறோர் அளவு. பக்கத்து ஊரில் சொன்ன அளவு உங்கள் ஊருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆகையால் இந்த ஒரு கிழமையை வீண் என்று நினைக்கவேண்டாம்.

குழைத்தல்

மண்ணையும் மணலையும் உலர்ந்தபடி கலந்து, நடுவே குழி செய்து நீர் விட்டு, காலால் மிதித்துக் குழைக்கவேண்டும். வைக்கோலை இரண்டு அங்குல நீளமாக வெட்டிச் சேர்க்கவேண்டும். வைக்கோல் இல்லாவிட்டால் தும்பு சேர்க்கலாம். இவை மண்ணை நாலாபக்கமும் பிடித்து வெடிக்காமற் காக்கின்றன. ஐந்து தாச்சி மண் கலவைக்கு ஒரு தாச்சி பசுச்சாணம் சேர்த்தால் பூச்சு நீருக்குச் சற்றுத் தாக்குப் பிடிக்கும்.

குழைத்த மண்ணை அன்றைக்கே பாவிக்காமல், ஈரச் சாக்கால் மூடி மூன்று நான்கு நாட்கள் புளிக்க விடுங்கள். களி முழுவதும் ஊறி, மண் பசைபோல் ஆகும். பாவிக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை மிதிக்கவேண்டும். நீரை மட்டும் கூட்டவேண்டாம். நீர் கூடினால் பூசுவது இலகு. ஆனால் காயும்போது சுருக்கமும் கூடும். கையால் உருட்டினால் உருண்டையாக நிற்கவேண்டும்.

எவ்வளவு மண் தேவை என்று கணக்கிடுவதும் எளிது. பன்னிரண்டு அடி நீளமும் ஏழு அடி உயரமும் உள்ள சுவருக்கு அரை அங்குலப் பூச்சு என்றால், 84 சதுர அடி. அதாவது மூன்றரைக் கன அடி. குழைத்துக் காயும்போது சுருங்குவதால் ஐந்து கன அடி உலர்ந்த கலவையைச் சேர்த்து வைத்தால் போதும்.

குழியும் பூச்சும் திருத்தும் முறை

1. இளகிய மண் முழுவதையும் சுரண்டி எடுங்கள். எலி வளை இருந்தால் கையை விடாமல் முதலில் ஒரு தடியை விட்டுப் பாருங்கள். பாம்பு இருக்கலாம். சுவரில் மின்கம்பி போயிருந்தால் பிரதான ஆளியை நிறுத்திவிட்டே வேலை தொடங்கவேண்டும்.

2. குழியின் ஓரங்களைச் சரிவாக விடாமல் நேராக வெட்டுங்கள். வாய் சிறிதாகவும் உள் சற்று அகலமாகவும் இருந்தால் புதிய மண் கழன்று விழாது.

3. ஈர்க்கு விளக்குமாற்றால் தூசியைத் தட்டிவிட்டு நீர் தெளியுங்கள். சுவர் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் வடியக்கூடாது. உலர்ந்த சுவர் புதிய மண்ணின் நீரை உறிஞ்சிவிடும். பூச்சு ஒட்டாமற் போவதற்கு இதுவே முதற் காரணம்.

4. களியை நீரிற் கரைத்துக் கஞ்சிப் பதமாக்கி, குழி முழுவதும் தேய்த்துவிடுங்கள். அது உலர முன் மண்ணை வைக்கவேண்டும்.

5. மண் உருண்டையைச் சுவரில் எறிந்து அழுத்துங்கள். ஒரு தடவையில் ஓர் அங்குலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். ஆழமான குழியானால் உலர்ந்த மண்கல் துண்டுகளையும் சேர்த்து அடையுங்கள்.

6. ஒவ்வொரு படையின் மேலும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பின்னரே அடுத்த படை.

7. கடைசிப் பூச்சு கால் அங்குலம் போதும். அரித்தெடுத்த மண்ணிற் செய்து, சிறு பலகைத் துண்டால் வட்டமாகத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

8. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். காயும்போது மயிர் வெடிப்பு விழுந்தால், நீர் தெளித்து மீண்டும் பலகையால் தேய்த்தால் மூடிவிடும்.

அடி அரித்த சுவர்

அடிச்சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால், அது வெறும் பூச்சு வேலை அல்ல. அவசரப்பட்டு நீளமாக வெட்டினால் சுவர் உங்கள் மேல் இறங்கும்.

முதலில் கூரையின் வளையை இரு பக்கமும் முட்டுக் கொடுத்துத் தாங்குங்கள். பின்னர் சுவரடியை இரண்டிரண்டு அடியாகப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று, மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறியுங்கள். முதல் கிழமை ஒன்று என்று குறித்த இடங்களை மட்டும் திருத்துங்கள். அவை இறுகிய பின் இரண்டு, அதன் பின் மூன்று. இவ்வாறு செய்தால் சுவரின் பெரும் பங்கு எப்போதும் நிலத்தில் நிற்கும்.

கரைந்த இடத்தை ஈர மண்ணால் மட்டும் நிரப்பக்கூடாது. அது காய்ந்து சுருங்கி மேலே ஒரு விரல் இடைவெளி விழும். கல்லோ, செங்கல்லோ, வெயிலிற் காய்ந்த மண்கல்லோ வைத்து மண்ணாற் கட்டி, மேல் இடைவெளியில் இறுக்கமான மண்ணையும் சிறு கற்களையும் தடியால் இடித்து அடையவேண்டும்.

எமது முன்னோர் சுவரின் வெளியடியில் மண்ணால் ஒரு குந்து வைத்து, வருடந்தோறும் மெழுகினார்கள். அது அமர்ந்திருப்பதற்கு மட்டும் அல்ல. தெறிக்கும் நீரில் குந்து கரையும், சுவர் கரையாது. கரைந்த குந்தை அடுத்த கோடையில் புதுப்பிக்கலாம். திருத்திய சுவருக்கு வெளிப்பக்கம் சரிவான ஒரு குந்து வைப்பதே மிக மலிவான காவல்.

வரிச்சுச் சுவர்

தடியும் வரிச்சும் கட்டி மண் அடைத்த சுவரானால், மண்ணைவிடத் தடிகளையே முதலிற் பார்க்கவேண்டும். கப்பின் அடியை, நிலமட்டத்தில், கத்தி முனையாற் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் உக்கிவிட்டது. வளைக்கு முட்டுக் கொடுத்து, உக்கிய அடியை வெட்டி நீக்கி, கீழே கல் அல்லது சீமெந்துக் கட்டை வைத்து அதன் மேல் கப்பை நிறுத்துங்கள். மரம் மண்ணைத் தொடாவிட்டால் கறையான் மறைவாக ஏற முடியாது. ஏறினாலும் அதன் மண்பாதை எமது கண்ணிற் படும்.

உக்கிய வரிச்சுகளை எடுத்துவிட்டுப் பனஞ்சிலாகையோ கமுகஞ்சிலாகையோ கட்டுங்கள். புதியது இரு பக்கமும் நல்ல கப்புவரை நீளவேண்டும். பின்னர் உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று, ஒரே நேரத்தில் மண்ணை அழுத்தவேண்டும். இரு பக்க மண்ணும் நடுவில் ஒன்றையொன்று பிடித்தால்தான் சுவர் நிற்கும்.

வெள்ளம் வந்த பின்

வெள்ளம் வடிந்தவுடன் ஆபத்து நீங்கியதாக எண்ணவேண்டாம். ஊறிய மண் சுவர் பல நாட்கள் கழித்தும் விழும். யன்னல், கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். சுவரோரத்திலுள்ள பாரமான பெட்டி, நெல் மூட்டைகளை அகற்றுங்கள். ஊறிய சுவருக்கு உடனே பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். சில கிழமைகள் காயவிட்டு, தட்டிப் பார்த்து, பின்னரே திருத்துங்கள்.

திருத்தினால் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்று பயந்து, விழப்போகும் சுவரை அப்படியே விட்டிருப்பவர்களைச் சந்தித்திருக்கிறோம். அவர்களின் பயத்தை நாங்கள் குறைவாக மதிக்கவில்லை. வேலை தொடங்க முன் பழுதடைந்த சுவரைப் பல பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள். திகதியிட்டு ஒரு கடிதம் எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுத்து, அதன் பிரதியில் ஒப்பம் பெற்று வையுங்கள். வீடு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. சாட்சிக்காகப் பிள்ளைகளைச் சாயும் சுவரின் கீழ் வைத்திருக்கத் தேவையில்லை.

மெழுகுதலும் வெள்ளையும்

நன்கு காய்ந்த சுவருக்குச் சாணமும் மெல்லிய களியும் கலந்து மெழுகினால் சிறு துளைகள் அடைபடும். அதன் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம். நீற்றிய சுண்ணாம்பைச் சில நாட்கள் நீரில் ஊறவிட்டு, துணியால் வடித்து, பால் பதத்தில் கரைத்து, சுவரை லேசாக நனைத்து, மெல்லியதாக மூன்று தடவை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒருநாள் விடவேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது. சுவர் தொடர்ந்து மூச்சு விடும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதானால், நீரிலே சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றக்கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணிற் பட்டால் உடனே நிறைய நல்ல நீரால் கழுவி, வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எப்போது, யாருடன்?

காலபோக வெட்டு முடிந்ததும் வைக்கோலை ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள். சித்திரை மழை ஓய்ந்த பின் மண்ணைச் சோதியுங்கள். ஆனி, ஆடி மாதங்கள் திருத்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் அப்போது சோளகக் காற்று பலமாக வீசும். பூச்சு ஒரே நாளிற் காய்ந்து வெடிக்கும். ஆகையால் சாக்கை மறக்கவேண்டாம். ஆவணி முடிய முன் எல்லாவற்றையும் முடித்துவிட்டால், புரட்டாதியில் விதைப்புக்குப் போகும்போது மனம் வீட்டிற் கிடக்காது.

மண் குழைப்பதும் முட்டுக் கொடுப்பதும் ஒருவரால் ஆகும் வேலையல்ல. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, கிழமைக்கு ஒரு வீடாகச் செய்துகொள்ளலாம். கணவரை இழந்த பெண்கள், முதியோர், உடல் ஊனமுற்றோர் இருக்கும் வீட்டை முதலில் எடுங்கள். மெழுகும் பக்குவம் எமது தாய்மாருக்குத் தெரிந்ததுபோல் மேசன்மாருக்கும் தெரியாது. இளம்பிள்ளைகள் அவர்களிடம் அருகிருந்து பழகட்டும்.

நாங்கள் முன்னர் சொன்ன அந்தத் தாயின் சுவர் மண்ணாலேயே மீண்டும் கட்டப்பட்டது. சீமெந்துத் தகடுகளை அவர் வீசவில்லை. துண்டு துண்டாக உடைத்துத் தாழ்வாரத்து நீர் விழும் வரிசையிற் பரப்பியிருந்தார். நாங்கள் கடைசியாகப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நீர் அந்தத் துண்டுகளில் விழுந்து வாய்க்காலுக்கு ஓடியது. சுவரின் அடி உலர்ந்திருந்தது.